சோஷியல் டிசையரபிலிட்டி பயாஸ்: ‘முகமன் சாய்வு’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

சிறுபான்மை இனத்தவரையும் குடியேறிகளையும் பற்றிய மனப்பான்மை போன்றவற்றை மக்களிடம் கேட்டறியும்போது, உள்ளதை மறைத்து, கேட்பவர் முகம் சுளிக்காத விடையைச் சொல்லும் போக்கே சோஷியல் டிசையரபிலிட்டி பயாஸ். ஆய்வுச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் உரையாடலில் இதற்கு முன்மொழியப்பட்ட ‘சமூக விருப்பச் சார்பு’ எனக்கு உடன்பாடில்லை. ‘சமூகம்’ என்றதும் நம் வாசகர் சாதியையோ இனத்தையோ நினைப்பர். ஒரு சமூகத்தின்மீது கொண்ட விருப்பத்தால் வரும் சார்பு என்றே பொருள் கொள்வர். ஆய்வு அளக்க முனையும் மனப்பான்மைக்கும் அளவையில் நேரும் பிழைக்கும் ஒரே பெயர் வாய்த்துவிடும். ‘நற்பெயர்ச் சாய்வு’ அழகுதான்; ஆனால் ‘நற்பெயர்’ கணக்குப்பதிவியலில் ‘குட்வில்’ எனப்படும் வணிக நன்மதிப்புக்கு ஏற்கெனவே போய்விட்டது.

‘முகமன் சாய்வு’ என்பது என் பரிந்துரை; முகமன் என்றால் எதிரே இருப்பவரிடம் சொல்லும் உபசார மொழி. நேரில் கேட்காமல் அஞ்சலிலோ இணையத்திலோ வினாத்தாள் அனுப்பினால் முகம் ஏது என்று ஒரு நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. பல நாட்டு மக்களின் மனப்பான்மையைச் சுற்றுச் சுற்றாகக் கேட்டறியும், 2002இல் தொடங்கிய ஐரோப்பியச் சமூகக் கணக்கெடுப்பு நேர்காணலையே நம்பியிருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் நடந்த பத்தாம் சுற்றில் ஜெர்மனி உள்ளிட்ட சில நாடுகள், மக்கள் தாமே நிரப்பும் வினாத்தாளுக்கு மாறின. குடியேறிகளால் நாடு வாழ்வதற்கு மேலான இடமாகிறதா, மோசமாகிறதா என்பதற்குச் சுழியம் முதல் 10 வரை மதிப்பிடச் சொல்லும் வினாவில், முந்தைய சுற்றோடு வேறுபாடு தெரிந்தால், மாறியது மனமா, கேட்ட முறையா என்பதைப் பிரித்தறிய வேண்டியிருக்கும். எதிரே ஆள் இல்லாதபோது இச்சாய்வு பொதுவாகக் குறையும், முற்றிலும் அற்றுவிடாது. கடிதத்தில் ‘நலம், நலமறிய அவா’ என்று எழுதுவதும் முகமன்தானே!

இச்சாய்வைத் தவிர்க்கக் கையாளும் வினா முறையான ‘லிஸ்ட் எக்ஸ்பெரிமென்ட்’டுக்கும் சொல் தேவை. 1990களில் அமெரிக்காவில், விடையளிப்போரைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குச் சினமூட்டக்கூடிய மூன்று செய்திகளையும், மற்றொரு பிரிவினருக்கு அவற்றோடு ‘பக்கத்து வீட்டுக்குக் கறுப்பினக் குடும்பம் குடிவருதல்’ என்ற நான்காவதையும் படித்துக்காட்டி, எவை என்று சொல்லாமல் எத்தனை சினமூட்டுகின்றன என்று மட்டும் சொல்லச் செய்தனர். இரு சராசரிகளின் வேறுபாடே, அந்த நான்காவது செய்திக்குச் சினம் கொள்வோரின் விகிதம். தனியொருவர் விடை பொதுவாக யாருக்கும் தெரியாது. ஆகவே முகமனுக்கும் அதிக வேலை இல்லை. ‘பட்டியல் சோதனை’ என்பதைவிட ‘எண்ணிக்கை வினா’ என்பதே இதன் செயல்முறையைக் காட்டுகிறது என்பது என் கருத்து.

‘பயாஸ்’ எங்கு வந்தாலும் ‘சாய்வு’ என்றே ஆளலாம்; கணிதத்தில் ஃபங்ஷனைச் ‘சார்பு’ என்று படித்த மாணவர்கள் குழம்பாமல் இருப்பார்கள்.