வீ ரிமோட்: முதல் வாரமும் ஒரு சந்தேகமும்

கேள்வி:
2006-இல் வந்த நின்டெண்டோ வீ என்ற வீடியோ கேம் கருவி ஒன்று, பழையதுதான், போன வாரம் கைக்கு வந்தது. பொத்தான் அழுத்தியே பழகிய கை எனக்கு. டி.வி. ரிமோட் போல ஒல்லியாக இருக்கும் இதன் ரிமோட்டை வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசுகிறது! பந்து பட்டதும் உள்ளங்கையில் ஒரு அதிர்வு, ரிமோட்டுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கரில் ‘டொக்’. மனசு துள்ளிவிட்டது. கேம் பக்கமே வராத அம்மா பௌலிங்கில் என்னைத் தோற்கடித்தார். ஆனால் மெனுவில் சுட்டும் கை மட்டும் சாயங்காலம் ஆனால் தாறுமாறாகக் குதிக்கிறது. ஏன்?

பதில் 1:
டி.வி.க்குப் பக்கத்தில் மேற்கு ஜன்னல் இருக்கிறதா? வீச்சை உணர்வது ரிமோட்டுக்குள் உள்ள முடுக்கமானி, அதாவது அசைவின் வேக மாற்றத்தை அளக்கும் சில்லு. சுட்டுவது வேறு கதை. ரிமோட் முனையில் அகச்சிவப்புக் கேமரா இருக்கிறது. டி.வி.யோடு ஒட்டி வைக்கும் பட்டையை சென்சார் பார் என்கிறார்களே, அது எதையும் உணர்வதில்லை. இரு முனையிலும் அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். வெயில் விழுந்தால் கேமரா குழம்பிவிடும்.

பதில் 2:
உண்மை. பார் இல்லாமல் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தே நான் சுட்டியிருக்கிறேன். அப்புறம், மணிக்கட்டு வாரை மறக்காமல் மாட்டுங்கள். மணிக்கட்டைத் திருப்புவதும் துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் 2009-இல் வந்த மோஷன் பிளஸ் என்ற துணைக்கருவியை வாங்கி ரிமோட்டில் செருகுங்கள், அதில் சுழற்சியை அளக்கும் சுழல்மானி உண்டு.

கேட்டவர்:
மேற்கு ஜன்னலேதான்! திரைச்சீலையை இழுத்துவிட்டேன், கை ஆடாமல் நிற்கிறது. இருவருக்கும் நன்றி. அம்மா அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறார்.