நெர்ன்ஸ்ட் கணக்கில் −95, புத்தகத்தில் −70. எங்கே பிசகுது?

தக்கலை_விலங்கியல்:
நரம்பு செல் ஓய்வில் இருக்கும்போது சவ்வின் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள மின்னழுத்த வித்தியாசத்தை, ஒரு அயனியின் செறிவை வச்சுக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தேன். பொட்டாசியம் செல்லுக்கு வெளியே 4, உள்ளே 140 மில்லிமோலார். 37 டிகிரிக்கு 61.5 × லாக்(4/140) போட்டால் −95 மில்லிவோல்ட் வருது. நரம்பு செல்லுக்குப் புத்தகம் −70ங்குது. சவ்விலுள்ள சோடியம்-பொட்டாசியம் பம்ப் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறதாலதான் உள்ளே நெகட்டிவ்னு நோட்ஸில் இருக்கு. சரியா? குளச்சலில் கணவாய் வாங்கி அளந்து பார்க்கலாமா?

வேர்க்கிளம்பி:
மக்கா, கணக்கில் தப்பில்லை. பொட்டாசியத்துக்கு மட்டும் வழிவிடுற சவ்வுக்கு அதுதான் விடை. ஓய்வில் சோடியமும் கொஞ்சம் கசியும். அதனால பல அயனிகளையும் அவை சவ்வைக் கடக்கும் திறனையும் சேர்த்துப் பார்க்கும் கோல்ட்மன் சமன்பாடு போடணும். சோடியம் வெளியே 145, உள்ளே 12. பொட்டாசியத்தின் ஊடுருவுதிறன் 1 என்றால் சோடியத்துக்கு 0.04. மேலே 4 + 5.8 = 9.8, கீழே 140 + 0.5 = 140.5. லாக் எடுத்து 61.5 ஆல் பெருக்கினால் −71. குளோரைடு மின்னழுத்தத்துக்கு ஏற்பத் தானே ஒதுங்கிக்கும்னு விட்டுட்டேன். வெளி/உள் மாறிப்போனா குறி பிளஸ் ஆயிடும், கவனம்.

நோட்ஸ் பாதிதான் சரி. 3:2 நேரடியாகத் தருவது சில மில்லிவோல்ட்தான். பம்பின் முக்கிய வேலை செறிவு வித்தியாசத்தைக் காப்பது. பம்பைத் தடுக்கும் ஔபைன் என்ற மருந்தை விட்டு அதை நிறுத்தினாலும் மின்னழுத்தம் உடனே பூஜ்யம் ஆகாது. அயனிகள் கசியக் கசிய மெல்லத்தான் இறங்கும்.

அலைவாய்க்கரை:
ஐஸ் போட்ட ஊசிக்கணவாய் குழம்புக்குத்தான். செத்த செல்லில் பம்ப் ஓடாது, செறிவு வித்தியாசம் கரைஞ்சு போயிருக்கும். 1939இல் பிளைமவுத்தில் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அளந்தது, கணவாயிலிருந்து அப்போதுதான் பிரித்தெடுத்த உயிருள்ள ராட்சத ஆக்சானில் (நரம்பு செல்லின் நீண்ட இழை). அதன் விட்டமே சுமார் அரை மில்லிமீட்டர்.

எதில் அளந்தாலும் கண்ணாடி மின்முனையில் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு, உள்ளே குளோரைடு பூசின வெள்ளிக் கம்பி. நுனியில் குமிழி நின்னா அளவு ஆடும். செல்லுக்குள் குத்துறதுக்கு முன்னே திரவத்தில் வைத்துப் பூஜ்யம் பிடிக்கணும். −30 காட்டி பூஜ்யத்தை நோக்கி நகர்ந்தா சவ்வு கிழிஞ்சு ஒழுகுதுன்னு அர்த்தம். வேற செல்லுக்குப் போ. நம்ம ஊர் அறைச்சூடு 30 டிகிரின்னா 61.5க்குப் பதில் 60 போடு.

வேர்க்கிளம்பி:
இன்னொண்ணு. அதே கணக்கில் வெளிப் பொட்டாசியத்தை 8 ஆக்கிப் பாரு: −62. இதயத் தசையிலும் இப்படி ஓய்வு மின்னழுத்தம் குறைஞ்சு நின்னா சவ்வில் சோடியம் நுழையும் வாயில்கள் பல பூட்டிக்கும், துடிப்பு தடுமாறும். சிறுநீரகம் பழுதானவங்களுக்குப் பொட்டாசியம் நிறைந்த இளநீரும் ஏத்தன் பழமும் வேண்டாம்னு டாக்டர் சொல்றது இதுக்குத்தான்.