1901 பேட்டில் கிரீக் மாநாடு: அதிகாரம் பரவியதா, இடம் மாறியதா?

ஏட்டுக்காரன்:
சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் தங்கள் பொது மாநாட்டின் (உலகத் தலைமை அமைப்புக்கும் அதன் பிரதிநிதிகள் கூடும் கூட்டத்துக்கும் இதே பெயர்தான்) நடவடிக்கைகளை அந்தக் காலத்திலேயே 'புல்லட்டின்' என்று அச்சடித்து வெளியிட்டுவிடுவார்கள். யார் எழுந்து பேசினார், யார் குறுக்கிட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். 1901, 1903 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். என் கட்சி இதுதான்: அந்தச் சபையின் மிஷன் வேலை உலகம் முழுக்கப் பரவியதற்கு அஸ்திவாரம் போட்டது 1901 ஏப்ரலில் மிச்சிகன் மாநிலத்து பேட்டில் கிரீக்கில் கூடிய மாநாடுதான்.

அதுவரை பெரும்பாலும் தலைமையகம் இருந்த பேட்டில் கிரீக்கைக் கேட்டுத்தான். ஆஸ்திரேலியாவில் ஒரு தீர்மானம் எடுக்க வேண்டும் என்றால் கப்பல் தபாலில் கடிதம் போய், பதில் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது; அதனால்தான் 1894-லேயே அங்கே முதல் யூனியன், அதாவது பல வட்டார மாநாடுகளைச் சேர்த்த மண்டல அமைப்பு, உருவானது. ஒன்பது வருடம் ஆஸ்திரேலியாவில் இருந்துவிட்டு 1900-ல் திரும்பிய எலன் ஒயிட் (சபையை நிறுவியவர்களில் ஒருவர், தீர்க்கதரிசியாக மதிக்கப்பட்டவர்), மாநாட்டுக்கு முந்தின நாள் கல்லூரி நூலகத்தில் தலைவர்களைக் கூட்டி, இந்த அமைப்பையே மாற்ற வேண்டும் என்று போட்டு உடைத்தார். மறுநாள், ஏப்ரல் 2, தலைவர் இர்வின் தொடக்க உரை முடித்ததும் அந்த அம்மா எழுந்து அதையே சபை நடுவில் சொன்னார். உடனே ஏ.ஜி. டேனியல்ஸ் எழுந்து, வழக்கமான விதிகளை ஒதுக்கிவைத்து ஒரு பெரிய ஆலோசனைக் குழு போடலாம் என்று முன்மொழிந்தார். அந்தக் குழுவின் வேலையால்தான் யூனியன்கள் மற்ற பகுதிகளுக்கும் வந்தன. அந்தந்தப் பகுதிக்காரர்கள் அங்கேயே முடிவெடுக்கலாம் என்பது சபை முழுமைக்குமான ஏற்பாடானது அப்போதுதான்.

கரிசல்:
பாதிக் கதையைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டீர்களே. 1901 சாசனத்தில் 'தலைவர்' என்ற பதவியே கிடையாது. கமிட்டி தனக்கு ஒரு நாற்காலிக்காரரைத் தானே தேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். இரண்டே வருடம். 1903-ல் கலிபோர்னியா ஓக்லண்டில் கூடினார்கள், தலைவர் பதவி திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்தவர் யார்? விதிகளை ஒதுக்கிவைக்கலாம் என்று எழுந்தாரே, அதே டேனியல்ஸ்.

வாகனர், டேவிட் பால்சன், பெர்சி மேகன் என்ற பிரதிநிதிகள் மூவரும் சிறுபான்மை அறிக்கை கொடுத்து எதிர்த்தார்கள். 1901-ல் ஒத்துக்கொண்ட கொள்கையையே இது கவிழ்க்கிறது என்று வாதாடினார்கள். ஒரே மனிதரைப் பொது மாநாட்டுத் தலைவராக வைப்பது நல்லதல்ல என்று எலன் ஒயிட் 1896-லேயே எழுதியிருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவர்களைக் கலகக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது.

மாலதி க.:
அந்த மூவர் யார் பக்கம் நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் கரிசல். சபையின் மருத்துவ வேலையை நடத்திய டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக் பக்கம். (கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவில் இருக்கும் பெயர்தான், கம்பெனி தொடங்கியது இவர் தம்பி.) 1902 பிப்ரவரியில் அவர் நடத்திய பேட்டில் கிரீக் சானிடோரியம் (தங்கிச் சிகிச்சை பெறும் ஆரோக்கிய நிலையம்) எரிந்தது. டிசம்பரில் சபையின் பதிப்பகமும் எரிந்தது. கெல்லாக் முன்னைவிடப் பெரிய கட்டடமாக எழுப்பப் போனார். இங்கிலாந்திலும் ஒரு சானிடோரியத்தைக் கடனில் வாங்கலாம் என்றார். கையில் காசு இருந்தால்தான் வேலை என்று டேனியல்ஸ் பிடிவாதமாக நின்றார். சண்டையின் வேர் அங்கே இருக்கிறது. கடனில் முங்கியிருந்த சபை மிஷனெரியை அனுப்புவது எப்படி? கஜானாவுக்கு ஒரு பொறுப்பாளி வேண்டாமா? தலைமையகத்தையே பேட்டில் கிரீக்கிலிருந்து பெயர்த்து, வாஷிங்டன் பக்கத்தில் டகோமா பார்க்குக்குக் கொண்டுபோனதும் அதே 1903-ல்தான். ஓர் ஊரின் பிடியிலிருந்து விடுபடுவதும் அதிகாரப் பரவல்தானே.

கரிசல்:
ஊரை விட்டார்கள் அம்மா, பிடியை விடவில்லை. 1913-ல் ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் தனித்தனி டிவிஷன் மாநாடுகள், அதாவது யூனியன்களுக்கு மேலே கண்ட அளவில் தன்னாட்சி அமைப்புகள், கொடுத்தார்கள். 1918-ல் சான்பிரான்சிஸ்கோவில் அந்தத் தன்னாட்சியை எடுத்துவிட்டு, டிவிஷன்களைப் பொது மாநாட்டின் கிளைகளாக்கிவிட்டார்கள். கொடுப்பதும் வாங்குவதும் இவர்களுக்கு வாடிக்கை.

ஏட்டுக்காரன்:
1918-ல் ஏன் எடுத்தார்கள் என்று யோசித்தீர்களா? உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1914-ல் ஜெர்மனித் தலைவர்கள் ஓய்வுநாளிலும் ராணுவ வேலை செய்யலாம் என்று சொல்லப்போய் அங்கே சபையே பிளந்தது. நாட்டுக்கொரு சபை என்று உடைந்துவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான்.

அப்புறம், யார் நாற்காலியில் இருந்தார்கள் என்பதைப் பாருங்கள். டேனியல்ஸ் பத்து வருடத்துக்கு மேல் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வேலை பார்த்தவர். 1903-ல் செயலாளரான டபிள்யூ.ஏ. ஸ்பைசர் கல்கத்தாவில் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தவர். 1899 டிசம்பரில் வங்காள மாகாணத்துக் கர்மாடரில் பெரியம்மை வந்து, அங்கே மிஷன் வேலை பார்த்த டி.ஏ. ராபின்சனும் எஃப்.டபிள்யூ. பிரவுனும் ஒரே மாதத்தில் இறந்தார்கள். இந்திய வேலையின் பாரம் ஸ்பைசர் தலையில் விழுந்தது. வெளியூர்ப் பாடு தெரிந்த ஆட்கள் கையில் நிர்வாகம் வந்ததே பெரிய மாற்றம். 1889-லிருந்து தனியாக ஓடிய வெளிநாட்டு மிஷன் போர்டின் வேலையைப் பொது மாநாட்டுக் கமிட்டியே எடுத்துக்கொண்டதற்கும் அதுதான் அர்த்தம்: மிஷன் என்பது ஓரத்து வேலையாக இருந்தது போய், கமிட்டியின் முதல் வேலை ஆனது.

சுடர்விழி:
மூன்று பேருமே வெள்ளைக்காரத் தலைவர்களுக்குள் நடந்த பங்காளிச் சண்டையைத்தான் பேசுகிறீர்கள். 1909 டகோமா பார்க் மாநாட்டுக்கு வாருங்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே நடக்கும் வேலைக்கென்று தனித் துறை அங்கேதான் தொடங்கப்பட்டது. நல்லது. ஆனால் முதலில் அதை நடத்தியவர்கள் வெள்ளையர்கள். வில்லியம் எச். கிரீன் என்ற கறுப்பினத்தவர் பொறுப்புக்கு வர 1918 ஆயிற்று. 'அந்தந்த மக்கள் அங்கேயே முடிவெடுக்கலாம்' என்ற 1901 பேச்சு இவர்களிடம் வரும்போது மட்டும், துறை தொடங்கிய பிறகும், ஏன் ஒன்பது வருடம் வாசலில் நின்றது? இதற்கு ஏட்டுக்காரரின் பதில் வேண்டும்.

ஏட்டுக்காரன்:
நியாயம் என்று நானும் சொல்லவில்லை. யூனியன் அமைப்பு நிலப்பரப்பை வைத்துப் பிரித்தது. ஒரே நிலப்பரப்புக்குள் யாருக்குக் குரல் என்ற கேள்வியை அது தொடவே இல்லை. ஆனால் துறை என்று ஒன்று வந்த பிறகுதான் அந்த மக்களிடையே நடக்கும் வேலைக்கென்று தேசிய அளவில் ஓர் அலுவலகம் கிடைத்தது.

சுடர்விழி:
அலுவலகம் கிடைத்தது, நாற்காலி கிடைக்கவில்லை.

தேரிமணல்:
திருநெல்வேலிச் சீமை நாசரேத்துப் பக்கத்துக்காரன் ஒரு வார்த்தை சொல்லட்டுமா? மிஷன் என்றால் அமெரிக்காவில் கமிட்டி போட்டு, கப்பலேற்றி அனுப்புவது என்றே எல்லோரும் பேசுகிறீர்கள். எங்கள் பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை என்று ஒருவர், அருமைநாயகம் என்பது பெயர், 1857 வாக்கில் வெள்ளைக்கார மிஷனெரிகளோடு பிணங்கிக்கொண்டு வெளியே வந்து தனிச்சபை கண்டார். பழைய ஏற்பாட்டைத் தானே படித்து, சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கினார். அட்வென்டிஸ்ட் பொது மாநாடு அமைக்கப்பட்டதே 1863-ல்தான், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜே.எஸ். ஜேம்ஸ் என்ற மிஷனெரி 1908-ல் குடும்பத்தோடு இங்கே வந்து தங்கியது, ஏற்கெனவே சனிக்கிழமை ஆசரித்துக்கொண்டிருந்த ஜனங்கள் நடுவில்.

கரிசல்:
அப்படிப் போடுங்கள் அண்ணாச்சி. பேட்டில் கிரீக்கும் வேண்டாம், ஓக்லண்டும் வேண்டாம்.

ஏட்டுக்காரன்:
சரி, ஓய்வுநாளை யாரும் கப்பலில் கொண்டுவரவில்லை. ஆனால் ஜேம்ஸ் வருவதற்கும் தங்குவதற்கும் காசு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் வசூலாகும் பணத்தை இப்படி ஒதுக்கும் ஏற்பாடு 1901-க்கும் 1903-க்கும் பிறகு பலப்பட்டதுதானே?

தேரிமணல்:
காசு அங்கிருந்து வந்தது, ஒத்துக்கொள்கிறேன். வாருங்கள் என்று கூப்பிட்டது இங்கிருந்து. கூப்பிட்டவர்களில் ஒருவருக்காவது அந்த ஒதுக்கீட்டுக் கமிட்டியில் இடம் கொடுத்தார்களா என்று உங்கள் புல்லட்டினில் பார்த்துச் சொல்லுங்கள்.