யூனிவர்சல் கிளிப்போர்டு: ‘பொதுப் பலகை’ பொருந்துமா?

வணக்கம்.

ஒரு கருவியில் நகலெடுத்ததை இன்னொரு கருவியில் ஒட்ட உதவும் யூனிவர்சல் கிளிப்போர்டுக்குத் தமிழாக்கமாகப் ‘பொதுப் பலகை’, ‘உலகளாவிய பிடிப்புப்பலகை’ என இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டுமே பயனரைத் தவறான பக்கம் கொண்டுபோய்விடும். பொது என்றால் ஊருக்குப் பொது. இதுவோ ஒரே ஆளின் கருவிகளுக்குள் நடப்பது. ஐபோனில் நகலெடுத்ததை மேக்கில் ஒட்ட வேண்டுமானால் இரண்டிலும் ஒரே ஆப்பிள் கணக்கு இருக்க வேண்டும். வைஃபை, புளூடூத், ஹேண்ட்ஆஃப் (ஒரு கருவியில் தொடங்கிய வேலையை இன்னொன்றில் தொடரும் வசதி) மூன்றும் இயங்க வேண்டும். கருவிகள் அருகருகே, புளூடூத் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். 2016இல் ஐஓஎஸ் 10, மேக்ஓஎஸ் சியராவோடு வந்த வசதி இது. தெருமுனைக்கே எட்டாததை ‘உலகளாவிய’ என்பதா?

‘பகிர்பலகை’யும் வேண்டாம். பகிர்வது பிறரோடு. தன் இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றுவதை யாரும் பகிர்வு என்பதில்லை.

என் பரிந்துரை: உடன்பலகை. உடன்பிறப்பு, உடன்படிக்கை போலப் புணரும்; பொத்தானிலும் அடங்கும்.

* * *

வணக்கம் ஐயா.

ஆப்பிளை மட்டும் வைத்துச் சொல்லை முடிவு செய்ய முடியாது. விண்டோஸ் 10இல் 2018 அக்டோபர் புதுப்பிப்போடு வந்த கிளிப்போர்டு ஒத்திசைவுக்கு அருகாமை தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக, அந்நிறுவனத்தின் வழங்கிகளை (சர்வர்களை) கடந்து போகிறது. அமைப்புகளில் ‘சிஸ்டம்’, அதில் ‘கிளிப்போர்டு’ பகுதிக்குப் போய் இயக்க வேண்டும். விண்டோஸ் விசையோடு ‘வி’ அழுத்தினால் நகலெடுத்தவை வரிசையாக வரும்: அதிகம் 25, ஒவ்வொன்றும் 4 எம்பிக்குள். கணினியை மறுபடி தொடக்கினால் அழியாதபடி ‘பின்’ (pin) குத்தி வைத்தவை மட்டும் மிஞ்சும். வீட்டுக் கணினியில் நகலெடுத்தது அலுவலகக் கணினியில் கிடக்கும்போது ‘உடன்’ எங்கே வந்தது?

‘மடி’ என்று வைத்தால் என்ன? வெற்றிலையோ காசோ, முடிந்துகொண்டு போகிற இடம் அதுதானே. கடவுச்சொல்லை நகலெடுத்தால் அதுவும் மற்றக் கருவிக்குப் போய்விடுகிறது என்ற எச்சரிக்கையும் சொல்லிலேயே கிடைத்துவிடும்: மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்.

* * *

மடி அழகான சொல்தான். ஆனால் மடிக்கணினி ஏற்கெனவே அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ‘மடிக்கு அனுப்பு’ என்ற பொத்தானைப் பார்ப்பவர் மடிக்கணினிக்குப் போகிறது என்றே நினைப்பார். குறளில் மடி என்றால் சோம்பல் வேறு.

‘உடன்’ என்பதைக் கருவிக்கும் கருவிக்குமான தொலைவாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆள் எந்தக் கருவிக்குப் போனாலும் பலகை அவரோடு வருகிறது. அப்படிக் கொண்டால் விண்டோஸுக்கும் பொருந்தும்.

தானாக நடப்பதையும் கையால் அனுப்புவதையும் மொழிபெயர்ப்பில் பிரித்துக் காட்டுவதுதான் இதைவிட முக்கியம். கணினியையும் கைப்பேசியையும் இணைக்கும் கேடிஈ கனெக்ட் செயலியில், கணினியில் நகலெடுத்தது கைப்பேசிக்குத் தானாக வரும். எதிர்த்திசையில் வராது. ஆண்ட்ராய்டு 10 முதல், திரையில் முன்னால் இருக்கும் செயலியும் இயல்பு விசைப்பலகையும் தவிர வேறெதுவும் கிளிப்போர்டைப் படிக்க முடியாது; பின்னணியில் ஓடும் கேடிஈ கனெக்டுக்கு நகலெடுத்தது தெரியாது. அறிவிப்பில் உள்ள பொத்தானைத் தொட்டுத்தான் அனுப்ப வேண்டும். அதனால் ‘உடன்பலகை ஒத்திசைவு’ என்பதை இயக்கு/நிறுத்து தேர்வுக்கும், ‘உடன்பலகைக்கு அனுப்பு’ என்பதைப் பொத்தானுக்கும் வைக்கலாம். இரண்டுக்கும் ஒரே தொடரை இட்டால், ‘இயக்கித்தானே வைத்திருக்கிறேன், ஏன் போகவில்லை?’ என்ற கேள்வி ஓயாது.

கேடிஈ கனெக்டில் கருவிகளே ஒன்றையொன்று காணாவிட்டால் அது வேறு சிக்கல்: தீச்சுவரில் (ஃபயர்வாலில்) 1714 முதல் 1764 வரையான துறைகள் (போர்ட்டுகள்), டிசிபி, யுடிபி என்ற இரு பிணைய நெறிமுறைகளிலும், திறந்திருக்க வேண்டும். அந்தப் பிழைச்செய்தியில் பலகை என்ற சொல்லே வரக்கூடாது.

ஹேண்ட்ஆஃப்புக்குக் ‘கைமாற்று’ என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். வட்டியில்லாக் கடன் கேட்பது போல இருக்கும். அதைத் தனியே பேசுவோம்.