ஓடும்போதே டைமிங் பெல்ட் அறுந்த அனுபவம்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

சேலம், டீசல் கார்

தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கி வரும்போது தொப்பூர் கணவாயில் என் வண்டியின் டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ‘டப்’ என்று கேட்டது, இன்ஜின் நின்றது, டாஷ்போர்டில் சிவப்பு விளக்குகள் எரிந்தன. பின்னால் வரிசையாக லாரிகள். அந்த இறக்கத்தில் ஓட்டியவர்களுக்கு அது எப்படிப்பட்ட இடம் என்று தெரியும்.

இன்ஜின் நின்றதும் பிரேக் போய்விடாது. பிரேக்கை லேசாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்கம் (வெற்றிட இழுப்பு) இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும், அப்புறம் பெடல் இறுகிவிடும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாகப் பிடித்து ஓரம் கட்டினேன். ஹைட்ராலிக் ஸ்டீயரிங் என்பதால் அதைத் திருப்பவும் பலம் வேண்டியிருந்தது. கிளட்சை மட்டும் நிற்கும்வரை விடவில்லை. கியரில் இருந்தால் சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும்.

உதவிக்கு வந்தவர்களில் ஒருவர் “ஒரு செல்ஃப் அடிச்சுப் பாருங்க சார்” என்றார். இன்னொருவர், தள்ளிவிடுகிறோம், செகண்ட் கியர் போடுங்கள் என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான், ஆனாலும் இரண்டுக்கும் மறுத்துவிட்டேன். இதை எழுதுவதே அதற்காகத்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது காரணம் தெரியாமல் சட்டென்று நின்ற வண்டியை, பெல்ட் முழுசாக இருக்கிறது என்று பார்க்காமல் செல்ஃப் எடுக்காதீர்கள். தள்ளியும் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பிஸ்டன்களோடு சேர்ந்த தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைக் காப்பாற்றுவது அந்த பெல்ட்தான். அறுந்தால் கேம் நின்றுவிடும், சில வால்வுகள் திறந்தபடியே இருக்கும். கிராங்க் இன்னும் சுற்றுவதால் மேலே வரும் பிஸ்டன் அவற்றில் போய் இடிக்கும். டீசலில் கம்ப்ரஷன் அதிகம் என்பதால் பிஸ்டனுக்கும், வால்வுகள் இருக்கும் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவே இடமே இருக்காது. செல்ஃப் எடுத்தால், முதல் இடியில் தப்பிய வால்வும் வளையும்.

டோ வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய் ஹெட்டை இறக்கினார்கள். எட்டு வால்வில் ஐந்து வளைந்திருந்தன. பிஸ்டன் தலையில் பிறை வடிவத்தில் தழும்பு, ஆனால் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தப்பித்தன. வால்வு, கைடு, ஹெட் கேஸ்கெட், ஹெட் போல்ட் எல்லாம் புதிது போட வேண்டியதாயிற்று. கேம் ஆயில் சீல் கசிந்து பெல்ட் முழுக்க ஆயிலில் ஊறியிருந்தது, பற்கள் அடியோடு உரிந்திருந்தன. கிலோமீட்டர் கணக்குப்படி பெல்ட் மாற்றும் காலம் இன்னும் வரவே இல்லை.

கோயம்புத்தூர், சொந்தப் பட்டறை

கிளட்சை விடாதது பெரிய விஷயம் சார். பலருக்கு அது தெரியாது.

அறுந்தால் வண்டி நின்றுவிடும், தெரிந்துவிடும். அறுகாமல் பெல்ட் வழுக்கிப் பல் தாண்டினால்தான் ஆளைக் குழப்பும். ஒரு பல் தாண்டிய வண்டி ஓடும், ஆனால் பிக்கப் இருக்காது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஐடிலில் உதறும். ஸ்கேனர் போட்டால் பி0016 என்ற கோளாறு கோட் வரும், அதாவது கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை. போன மாதம் அப்படி ஒரு வண்டி வந்தது. வேறு இடத்தில் சென்சார் மாற்றி, இன்ஜெக்டர் கழற்றி, எல்லாம் பார்த்துவிட்டார்கள். கவரைத் திறந்தால், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்து பெல்ட் ஆடிக்கொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு பல் தாண்டியிருந்தால் அந்த வண்டிக்காரருக்கும் ஹெட் வேலைதான். அந்தக் கோட் வந்தால் சென்சார் வாங்கும் முன், கிராங்கும் கேமும் ஒத்திருப்பதைக் காட்டும் டைமிங் மார்க்கைப் பாருங்கள்.

பெல்ட் மட்டும் போடச் சொல்லாதீர்கள். டென்ஷனர், பெல்ட்டைத் தாங்கி ஓடவிடும் ஐட்லர் உருளை, அதே பெல்ட்டில் ஓடினால் வாட்டர் பம்ப், கூடவே கசியும் சீல் எல்லாம் சேர்த்து மாற்றுங்கள். பம்ப் பேரிங் இறுகினால் நேற்றுப் போட்ட பெல்ட்டும் அறுந்துவிடும். மாட்டிய பிறகு ஸ்பேனரால் கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றி, மார்க் திரும்ப ஒன்றுசேர்கிறதா என்று பார்க்காத மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

மதுரை

அப்பாவின் பழைய பெட்ரோல் கார் கோரிப்பாளையம் சிக்னலில் நின்றது. மெக்கானிக் அண்ணன் வந்து செல்ஃபை ஒரு நொடிதான் தொட்டார். வழக்கமான திணறல் இல்லாமல் மோட்டார் ‘விர்ர்’ என்று லேசாகச் சுற்றியது. “கம்ப்ரஷனே இல்ல, பெல்ட் போயிருச்சு” என்று சொல்லி அத்தோடு நிறுத்திவிட்டார். அந்த இன்ஜினில் வால்வு முழுக்கத் திறந்திருந்தாலும் பிஸ்டன் தொடாதாம். புது பெல்ட் மாட்டினார், ஓடிவிட்டது. எல்லா வண்டிக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடையாது என்று அவரே சொன்னார்.

திருச்சி

சில வண்டிகளில் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருக்குமாமே, என் வண்டியில் பெல்ட்டா செயினா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வருடத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டுவதில்லை.

கோயம்புத்தூர், சொந்தப் பட்டறை

மாடலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது சார், இன்ஜினைப் பார்க்க வேண்டும். ஸ்விஃப்ட்டில் வந்த 1.3 லிட்டர் டீசலில் செயின். டஸ்டரில் வந்த 1.5 டீசலில் பெல்ட். பழைய சான்ட்ரோ 1.1-லும் பெல்ட்தான். ஈகோஸ்போர்ட்டில் 2013-இல் வந்த 1.0 ஈகோபூஸ்ட்டில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும், அதற்குச் சொன்ன கிரேடைத் தவிர வேறு ஆயில் ஊற்றவே கூடாது. செயின் என்றாலும் ஆயிலை ஒழுங்காக மாற்றாவிட்டால் நீளும், ஆனால் பெரும்பாலும் காலையில் கரகரவென்று சத்தம் கொடுத்துவிடும்.

உங்களுக்கு கிலோமீட்டரை விட வருடம்தான் முக்கியம். ரப்பர் நின்ற இடத்திலேயே வயதாகும். மேனுவலில் கிலோமீட்டரோடு வருடமும் போட்டிருந்தால், எது முதலில் வருகிறதோ அதற்கே மாற்றுங்கள். கவரின் மேல் பாதியை மட்டும் கழற்றினாலே வெடிப்பும் ஆயில் கசிவும் தெரியும். பட்டறையில் சொன்னால் அங்கேயே திறந்து காட்டிவிடுவார்கள்.