டோல்கீன், மார்ட்டின், சாண்டர்சன் முடித்தாயிற்று: அடுத்து எந்தப் பக்கம் போவது?

அலைவாசி:
ஃபேன்டஸி நாவல்களில் லார்ட் ஆஃப் த ரிங்ஸ், மார்ட்டினின் ஐந்து பாகங்கள், வீல் ஆஃப் டைம் பதினான்கு, மிஸ்ட்பார்ன் மூன்று, எல்லாம் படித்தாயிற்று. எந்தப் பரிந்துரைப் பட்டியலைத் திறந்தாலும் இதே பெயர்கள்தான். ஆங்கிலத்தில் படிக்கச் சிரமமில்லை. நீண்ட தொடர் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். எதில் தொடங்கலாம்? படிப்பவர்கள் வழக்கமாக எங்கே சிக்கிக்கொள்கிறார்கள்?

பனங்காடு:
படித்தவற்றில் உங்களை இழுத்தது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மார்ட்டினின் அரசியல் என்றால் கை கேவ்ரியல் கேயின் 'டிகானா' (1990). ஒரே புத்தகத்தில் முடிந்துவிடும். தன் மகனைப் போரில் இழந்த மன்னன் ஒருவன், தோற்ற நாட்டின் பெயரையே மந்திரத்தால் அழிக்கிறான். அங்கே பிறந்தவர்களைத் தவிர வேறு யார் காதிலும் அந்தப் பெயர் விழாது. போரில் தோற்பது என்றால் என்ன என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன ஃபேன்டஸி குறைவு.

சாண்டர்சனின் மந்திர விதிகள் பிடித்திருந்தால் லெ குவினின் 'எர்த்சீ'. ஒன்றின் உண்மைப் பெயரை அறிந்தவருக்கே அதன்மேல் அதிகாரம் என்பதுதான் அங்கே விதி. 1968, 1971, 1972 என மூன்று சின்னப் புத்தகங்கள். பலர் இரண்டாவதில் நிறுத்திவிடுகிறார்கள். நாயகன் கெட் வெகுநேரம் தலைகாட்டுவதில்லை. கல்லறைக் கோயிலில் வளரும் ஒரு சிறுமியின் கதையாகவே போகும். பொறுத்துப் படியுங்கள், அந்த இருட்டுதான் புத்தகத்தின் உயிர். நான்காவதான 'தெஹானு' (1990) மந்திரவாதிகள் ஏன் எல்லாரும் ஆண்கள் என்று தன் உலகத்தையே கேள்வி கேட்கிறது. முதல் மூன்றைப் படிக்காமல் அதைத் தொட்டால் அந்தக் கேள்வியின் கனம் தெரியாது.

கல்தச்சன்:
நான் பின்னோக்கிப் போகச் சொல்வேன். டோல்கீனின் முதல் பாகம் வந்தது 1954. அதற்கு முன் எழுதியவர்களிடம் அவர் வார்த்த அச்சே கிடையாது. ஹோப் மிர்லீஸின் 'லட்-இன்-த-மிஸ்ட்' (1926) பக்கத்துத் தேவதை நாட்டைப் பற்றிப் பேசவே கூசும் ஒரு வியாபாரிகளின் ஊரைப் பற்றியது. தடைசெய்யப்பட்ட பழம் அங்கிருந்து கள்ளத்தனமாக ஊருக்குள் வருகிறது. நகரத் தலைவர் விசாரணையில் இறங்குகிறார். அமெரிக்காவில் காப்புரிமை முடிந்துவிட்டது.

மெர்வின் பீக்கின் 'டைட்டஸ் க்ரோன்' (1946) எடுப்பவர்கள் ஏமாறுவது ஒரே காரணத்தால்தான்: மந்திரத்துக்காகக் காத்திருப்பார்கள். மந்திரமே இல்லை. ஒரு பிரம்மாண்டக் கோட்டை, அர்த்தம் மறந்துபோன சடங்குகள், சமையலறையிலிருந்து தப்பி மேலே ஏறும் ஒரு பையன், அவ்வளவுதான். தலைப்பில் இருக்கும் டைட்டஸ் கடைசிப் பக்கத்திலும் கைக்குழந்தையே. ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், நாளுக்கு ஓர் அத்தியாயம் போதும். இரண்டாம் பாகத்தோடு (1950) நிறுத்தினாலும் நஷ்டமில்லை. 1959இல் வந்த மூன்றாவது, கோட்டையை விட்டு வெளியேறி வேறு புத்தகமாகிவிடுகிறது.

நீர்க்காகம்:
இருவரும் இங்கிலாந்து, அமெரிக்கா, கனடாவோடு நின்றுவிட்டீர்கள். சீனத்தின் பழைய நாவலான 'மேற்குப் பயணம்' நூறு அத்தியாயங்கள் கொண்டது. ஆர்தர் வேலியின் ஆங்கில மொழிபெயர்ப்பான 'மங்கி' (1942) அதில் முப்பதை மட்டுமே தருகிறது. தொடங்க அதுவே நல்லது. பிடித்துப்போனால் ஆண்டனி யூவின் நான்கு தொகுதி முழு மொழிபெயர்ப்புக்குப் போகலாம். முதலிலேயே அதை எடுத்தால், ஒன்றுபோலவே வரும் அரக்கர் சண்டைகளில் அலுத்துவிடும்.

இன்னொன்று, இலங்கை எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகரவின் 'த செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' (2023). அறிவியல் புனைகதை, ஃபேன்டஸிக்கான நெபுலா விருது பெற்றது. மகானாகப் போற்றப்படும் தந்தையைக் கொல்வதற்கென்றே தாயால் வளர்க்கப்பட்டவன் நாயகன். பாதியில் கதை தடம் மாறுகிறது என்று குறைசொல்பவர்கள் உண்டு. அங்கே வரும் தடுப்பு முகாம்களையும் இனக் கலவரத்தையும் வெறும் கற்பனை என்று நினைத்துப் படித்தால் அப்படித்தான் தோன்றும். இலங்கையின் அண்மை வரலாறு தெரிந்த நமக்கு அந்தப் பக்கங்கள்தான் மைய இடம்.

அலைவாசி:
'டிகானா'வில் தொடங்கி அடுத்து 'மங்கி'க்குப் போகிறேன். பீக்கை, நாளுக்கு ஓர் அத்தியாயமாக, இரண்டுக்கும் நடுவே வைத்துக்கொள்கிறேன். நன்றி.