மாங்கூழ் ஆலை கழிவுத் தொட்டி: ராத்திரி மூடியைத் திறந்து வெச்சா போதுமா?

காவேரிப்பட்டணத்தான்:
சீசன் தொடங்குறதுக்குள்ள கழிவுநீர் சேகரிப்புத் தொட்டியைச் சுத்தம் பண்ணணும். தரைக்குக் கீழ கான்கிரீட் தொட்டி. நீளம் 6 மீட்டர், அகலம் 4, ஆழம் 3.5. ஆள் இறங்குற வாய் ஒண்ணுதான், 60 செ.மீ. சதுரம். அடியில முக்கால் அடிக்குச் சகதி. பெங்களூரா மாம்பழத் தோலும் நாரும் போன சீசன்ல இருந்து ஊறிக் கிடக்குது. காண்ட்ராக்டர் சொல்ற வழி: ராத்திரி முழுக்க மூடியைத் திறந்து வெச்சு, காலையில வாளியில விளக்கு இறக்கி, அணையலைன்னா ஆள் இறக்கலாம். 4 வாயு மீட்டர் (ஆக்சிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு அளக்கிறது) வாடகைக்குக் கிடைக்குது. இது போதுமா?

ஓசூர்_சேஃப்டி:
போதாதுங்க. முதல்ல அந்த விளக்கை மறந்துடுங்க. ஆக்சிஜன் 16 சதவீதத்துக்குப் பக்கம் வந்தாத்தான் சுடர் அணையும். மனுஷன் 19.5-க்குக் கீழயே இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு ஆளைச் சாய்க்கிற அளவுக்கு இருந்தாலும் சுடர் நின்னு எரியும். மீத்தேன் 5 சதவீதம் சேர்ந்திருந்தா விளக்கே திரியாயிடும்.

மூடியைத் திறந்து வைக்கிறதும் அப்படித்தான். ஒரே வாய்னா காத்து ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் போக வழியில்ல. ஹைட்ரஜன் சல்பைடும் கரியமில வாயுவும் காத்தை விடக் கனம், அடியிலயே படுத்திருக்கும். அதை விட முக்கியம், வாயு சகதிக்குள்ளயே குமிழா அடைஞ்சு கிடக்குது. காலையில மீட்டர்ல பூஜ்யம் காட்டும். மண்வெட்டி போட்டதும் கிளம்பும். நாத்தத்தை வெச்சும் முடிவு பண்ண முடியாது. ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துக்கு 100 பங்கு) வாக்குல மூக்கு செத்துப்போயிடும், நாத்தம் போயிடுச்சுன்னு தோணும். 700-க்கு மேல போனா சில மூச்சுல ஆள் விழுந்துடுவார்.

ஆள் எதுக்கு இறங்கணும்னு கேளுங்க. உங்க கணக்குப்படி சகதி சுமார் 5.5 கன மீட்டர். மேலே நின்னு ஜெட் தண்ணி அடிச்சுக் கரைச்சா, கழிவுநீர் லாரி ரெண்டு மூணு நடையில உறிஞ்சிடும். (எங்கே கொட்டுறாங்கன்னும் பாருங்க, ஏரிக்கரையில விட்டுட்டுப் போற லாரிகள் உண்டு.) ஜெட் அடிக்கும்போதும் வாயு மேலே வரும். வாய்க்கு மேல குனியாதீங்க, காத்து எந்தப் பக்கம் இருந்து வருதோ அந்தப் பக்கமா நில்லுங்க, பீடி கூடாது.

காவேரிப்பட்டணத்தான்:
சகதிக்கு லாரி சரி சார். ஆனா அடியில காத்துக் குழாய் ரெண்டு உடைஞ்சிருக்கு, மாத்தியே ஆகணும். அதுக்கு ஆள் இறங்காம முடியாது.

ஓசூர்_சேஃப்டி:
அப்போ சகதி மொத்தமும் எடுத்து, கழுவி, அப்புறம்தான் ஆள்.

தொட்டிக்கு வர்ற ஒவ்வொரு குழாயையும் அடைக்கணும். வால்வை மூடினா மட்டும் பத்தாது, பிளாஞ்சை (குழாய் இணைப்பு வளையம்) கழட்டி தட்டு போட்டு முறுக்குங்க. பம்ப், தொட்டித் தண்ணிக்குள்ள காத்து அடிக்கிற புளோயர் பிரேக்கரை ஆஃப் பண்ணிப் பூட்டு போட்டு, சாவி இறங்குறவர் பாக்கெட்டுல.

காத்துக் கணக்கு: தொட்டி 84 கன மீட்டர். மணிக்கு 20 தடவை காத்து மாறணும்னா 1,680 கன மீட்டர், அதாவது 1,000 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு 1,000 கன அடி) காத்து ஊதுற தனி புளோயர். குறைஞ்சது அரை மணி ஓட்டிட்டு இறங்கணும், ஆள் வெளியே வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. டக்ட் (காத்துப் போற பெரிய குழாய்) முனை அடியில இருந்து அரை மீட்டர்ல, வாய்க்கு எதிர் மூலையில இருக்கணும். புளோயர் இழுக்கிற பக்கம் ஜெனரேட்டர் இருந்தா கார்பன் மோனாக்சைடைத்தான் உள்ளே ஊதுவீங்க. தண்ணி இறைக்க டீசல் இன்ஜினைத் தொட்டிக்குள்ள இறக்குறதும் அதே கதை, கிணத்துல ஆள் சாகுறது இப்படித்தான். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து விடாதீங்க, துணி கூடப் பத்திக்கும்.

60 செ.மீ. வாயில டக்டும் ஆளும் சேர்ந்து போறது கஷ்டம். எதிர் மூலை ஸ்லாப்ல 35 செ.மீ. ஓட்டை ஒண்ணு போட்டு மூடி வெச்சா வருஷாவருஷம் உதவும். தொட்டி காலியாகி மீட்டர் பார்த்த பிறகு, தண்ணி விட்டு கோர் கட்டர்ல அறுக்கணும்.

மீட்டர்காரர்:
வாடகைக் கடையில முதல்ல கேலிபரேஷன் தேதி கேளுங்க. சோதனை வாயு அடிச்சு அலாரம் அடிக்குதான்னு எதிர்லயே காட்டச் சொல்லுங்க. தயங்கினா வேற கடை.

ஆன் பண்றது திறந்த வெளியில. அளக்க ஆள் குனியக் கூடாது. பம்பும் குழாயும் வெச்சு மேல், நடு, அடின்னு மூணு மட்டம். குழாய் நீளத்துக்குத் தகுந்த மாதிரி காத்திருந்து படிக்கணும். அவசரப்பட்டா மேல்மட்டத்துக் காத்தை அடிக்காத்துன்னு நினைச்சுக்குவீங்க. ஆக்சிஜனைத்தான் முதல்ல பாருங்க. பெரும்பாலான மீட்டர்ல எல்.இ.எல். (வாயு தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு) சென்சார் எரிச்சுப் பார்க்கிற வகை. ஆக்சிஜன் 10 சதவீதத்துக்குக் கீழ போனா மீத்தேன் இருந்தும் குறைச்சுக் காட்டும்.

இறங்கலாம்னா: ஆக்சிஜன் 19.5-க்கு மேல 23.5-க்குள்ள, எல்.இ.எல். 10 சதவீதத்துக்குக் கீழ, ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்முக்குக் கீழ, கார்பன் மோனாக்சைடு 35-க்குக் கீழ. இதெல்லாம் மேல் வரம்பு. புளோயர் ஓடியும் ஹைட்ரஜன் சல்பைடு 4, 5-ன்னு காட்டினா எங்கிருந்து வருதுன்னு தேடணும். மீட்டர் உள்ளே இருக்கிறவர் நெஞ்சுல தொங்கணும், மேலே மேஜையில இல்ல.

ஈடிபி_போச்சம்பள்ளி:
ஓசூர் சார் சொன்னது எல்லாம் சரி, மாங்கூழுக்குன்னு ரெண்டு சேர்க்கணும்.

சர்க்கரைக் கழிவு புளிச்சா கரியமில வாயு வரும். 4 வாயு மீட்டர் அதை அளக்காது. ஆக்சிஜன் 20.9-ல இருந்து 19.5-க்கு இறங்க, வேற வாயு 6.7 சதவீதம் கலந்திருக்கணும். அது முழுக்க கரியமில வாயுன்னா, அலாரம் அடிக்கிறதுக்கு முன்னாடியே ஆள் மயங்கிடலாம். ஆக்சிஜன் 20.5 காட்டினாக் கூட 2 சதவீதம் கரியமில வாயு இருக்க இடமுண்டு. அதனால நம்ம தொட்டியில 19.5-ஐ எல்லையா எடுக்காதீங்க. 20.8-க்குக் கீழ நின்னா இறங்காதீங்க, இல்லைன்னா கரியமில வாயு சென்சார் உள்ள மீட்டர் எடுங்க.

ரெண்டாவது ஆசிட். குழாய் கழுவ காஸ்டிக்குக்கு அப்புறம் நைட்ரிக் ஆசிட் ஓட்டுறோம். அந்த வடிகால் சேர்ற இடம் இதே தொட்டி. ஆசிட் சல்பைடு சகதியில பட்டா ஹைட்ரஜன் சல்பைடு ஒரேயடியா கிளம்பும். மேலே கூழ் பிரிவுல ஒருத்தர் வால்வைத் திறக்கிறது உள்ளே இருக்கிறவருக்குத் தெரியாது. தட்டு போட்டு முறுக்குறது இதுக்குத்தான்.

பாலக்கோடு:
விழுந்தா எப்படித் தூக்குறது? அதை முதல்லயே முடிவு பண்ணுங்க. ஒருத்தர் விழ, தூக்கப் போன ரெண்டாவது ஆளும் பக்கத்துலயே விழறதுதான் வழக்கம். இடுப்புல கயிறு கட்டாதீங்க. உடம்பு ரெண்டா மடங்கும், 60 செ.மீ. வாயில சிக்கும். முழு உடம்பு ஹார்னஸ், முதுகு வளையத்துல கயிறு, மேலே மூணு கால் ஸ்டாண்டும் கயிறு சுத்தித் தூக்குற வின்ச்சும். அப்போ ஆள் நிமிர்ந்தபடி வருவார். மேலே நிக்கிறவர் டீக்குக் கூட நகரக் கூடாது, உள்ளே இறங்கவும் கூடாது. வின்ச்சைச் சுத்துறது, 101-க்கும் 108-க்கும் போன் பண்றது, அவ்வளவுதான் அவர் வேலை. துணி மாஸ்க்கும் கேனிஸ்டர் (வடிகட்டி டப்பா) மாஸ்க்கும் ஆக்சிஜன் தராது.

லைட் 24 வோல்ட்டுக்கு மேல கூடாது. 1948 தொழிற்சாலைச் சட்டம் 36-ஏ பிரிவுலயே இருந்துச்சு. மீத்தேன் வர்ற இடம்கிறதால ஃபிளேம்ப்ரூஃப் (உள்ளே பொறி வந்தாலும் வெளியே தீ பரவாத) வகையா வாங்குங்க.

காவேரிப்பட்டணத்தான்:
நன்றிங்க. ஆலைக் கழிப்பறை செப்டிக் டேங்கையும் அதே ஆட்களை வெச்சு முடிச்சிடலாம்னு முதலாளி சொல்றார்.

ஓசூர்_சேஃப்டி:
அதுக்கு ஆளே இறக்கக் கூடாது. கையால மலம் அள்ளுறதைத் தடுக்கிற 2013 சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாம இறக்குறது தடை. செத்தா குடும்பத்துக்கு 30 லட்சம்னு உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர்ல சொல்லியிருக்கு, வழக்கு தனி. லாரியும் நீளமான ஹோஸும் மட்டும்தான். அடியில இறுகிப் போயிருந்தா தண்ணி விட்டு ரெண்டு நாள் ஊற வெச்சு மறுபடி உறிஞ்சச் சொல்லுங்க.